பெரிய துண்டு யார் தட்டில்

ஒரு தட்டு ஆட்டிறைச்சிப் பிரியாணியிலிருந்து தப்பிப்பதற்காக நான் முருகனுக்கு விரதம் இருந்திருக்கிறேன். பக்தி சிறிதும் கிடையாது. பயம்தான். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தடித்த புத்தகங்களைப் படித்து, மற்றவர்களின் அசட்டுத்தனத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதும் நடுவயது ஆசாமி இப்படிச் செய்யலாமா என்றால், செய்யக்கூடாதுதான். ஆனால் அந்தப் பிரியாணியை நான் சாப்பிட்டிருந்தால் நான் கிடார் வாசிக்கும் பேண்டிலிருந்து என்னைத் தூக்கியிருப்பார்கள். அல்லது அப்படித்தான் நான் நினைத்தேன்.

எங்களுடையது ராக் பேண்டு. ஈப்போவில் தமிழர்கள் நடத்தும் ராக் பேண்டு என்று சொன்னால், "உறுமி மேளமா அண்ணே?" என்று கேட்பார்கள். உறுமி இல்லை. இரண்டு கிடார், டிரம்ஸ், கீபோர்டு, ஒரு பாடகர், ஒரு காலத்தில் தோள்வரை முடி. ரப்பர்த் தோட்டத்துப் பொது மண்டபத்தில், கொசுவுக்கும் தோட்டத்துக் கணக்கரான கிராணிக்கும் பயந்துகொண்டு ஐந்து பேர் தொடங்கியது. தோட்டத்தை விற்றார்கள், ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய் அங்கே இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன. தோட்டத்தின் பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது. எங்கள் பேண்டும் ஏறக்குறைய அதே மாதிரிதான். பெயர் பழையது, உள்ளே இருப்பவர்கள் வேறு. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. பதினெட்டு வயதில் வைத்தது. அதில் நெருப்பும் வருகிறது, மண்டை ஓடும் வருகிறது. கல்யாணத்துக்கு எங்களை அழைக்கும் பெண்வீட்டார் பத்திரிகையில் "இன்னிசை விருந்து" என்று மட்டும் போட்டுவிடுவார்கள்.

தொடங்கிய ஐந்து பேரில் மிஞ்சியவன் நான் ஒருவன். பேஸ் கிடார் வாசிப்பவன். நான்கு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் ஓடும் சத்தம். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அஸ்திவாரத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

மற்றவர்கள் எப்படிப் போனார்கள்? முதல் பாடகன் தேவாலயத்தில் பாடப் போனான். அங்கே கூட்டமும் அதிகம், ஒலிபெருக்கியும் நல்லது. முதல் கீபோர்டுக்காரனுக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை கிடைத்தது. இவர்கள் தாமாகப் போனவர்கள். சிரமம், போகாமல் இருந்தவர்களால் வந்தது. எங்கள் முதல் டிரம்மர் அடிக்கும்போது ஒவ்வொரு பாட்டும் மேட்டில் ஏறும் மாட்டுவண்டி போலப் போகும். அவனை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தோம். யார் சொல்வது? தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே லயத்தில் எங்களோடு வளர்ந்தவன். அவன் அம்மா எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டவர். சொல்லத் துணிச்சல் வருவதற்காக, தமிழ் முஸ்லிம் பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்கு அவனை அழைத்துப் போனோம். பிரியாணி வந்தது. அவனைப் பற்றி ஆளாளுக்கு நல்லதாகப் பேசினோம். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னோம். கடைசியில் தே தாரிக் தேநீர் வந்ததும் அவன் எங்கள் முகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி மச்சான், அப்ப நான் வாரேன்" என்று எழுந்து போனான். பிறகு ஒத்திகைக்கு வரவேயில்லை. சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. இன்றும் சந்தையில் பார்த்தால் சிரிக்கிறான்.

இதைவிட நாகரிகமான வழி உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அதையே வழக்கமாக்கினேன். ஆம், நான்தான். ஒருவரை அனுப்ப வேண்டுமென்றால், "சனிக்கிழமை பிரியாணி சாப்பிடப் போலாமா?" என்று மூத்தவன் என்ற முறையில் நான் கேட்பேன். கடை பாய்க்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. நாங்கள் உள்ளே நுழைந்ததும், "இன்னிக்கு யாரு?" என்பது போல என்னைப் பார்ப்பார். நான் முகவாயால் காட்டுவேன். அந்த ஆளின் தட்டில் மட்டும் இறைச்சி பெரிய துண்டாக, நல்லி எலும்போடு வந்து உட்காரும். இரண்டாவது பாடகன், இரண்டு கிடார்க்காரர்கள், குறுகிய காலத்துக்கு வந்துபோன ஒரு புல்லாங்குழல் எல்லோரும் பெரிய துண்டைத் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

இப்போதைய குழுவைச் சொல்லிவிடுகிறேன். பாடுபவர் ஒரு பெண், மருத்துவமனைத் தாதி. பக்தி அதிகம், குரலும் அதிகம். டிரம்மர் ஏர்கண்டிஷன் பழுது பார்ப்பவன். கீபோர்டுக்காரன் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான், அதிகம் பேச மாட்டான். கிடார் வாசிப்பவன் என் மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், என்னை "மாமா" என்பான். நால்வரும் என்னைவிட இளையவர்கள். நால்வரும் என்னிடம் மரியாதையாக இருப்பவர்கள். சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்கியது. போன ஆண்டின் கடைசியில் அந்த மரியாதை கூடிப்போயிருந்தது.

முன்பெல்லாம் நான் தவறான இடத்தில் வாசித்தால் டிரம்மர் திரும்பி முறைப்பான். இப்போது முறைக்காமல் புன்னகை செய்தான். என் கனமான ஒலிப்பெட்டியை மைத்துனன் கேட்காமலே தூக்கி வந்து வைத்தான். பாடகி எனக்கென்று வீட்டிலிருந்து கேசரி செய்து கொண்டுவந்தார். ஒருவரை அனுப்புவதற்கு முன்பு நானும் இப்படித்தான் அன்பாக இருப்பேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. டிரம்மர் வீட்டில்தான் ஒத்திகை, குனோங் ராபாட்டில், வரிசை வீட்டின் கார் நிறுத்துமிடத்தில். ஒரு வாரம் மகளுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் மாமியார் வருகிறார். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் சத்தம் என்று புகார் சொன்னாராம். அந்தக் கிழவருக்குக் காது கேட்காது. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மனைவியிடம் விசாரணையைத் தொடங்கினேன்.

"உன் தம்பி ஏதாச்சும் சொன்னானா?"

"சொன்னான்லா."

"என்ன சொன்னான்?"

"வேன் டயர் தேஞ்சு போச்சுன்னான்."

அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள், திரும்பிப் பார்க்காமல். திரும்பிப் பார்க்காததை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாலை, நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு குனோங் ராபாட்டுக்குப் போனேன். டிரம்மர் வீட்டுக்கு எதிர் வரிசையில் காரை நிறுத்தினேன். பின்னால் சுண்ணாம்புக் குன்று, முன்னால் துரோகம். என் முகம் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டும் என்று, பின்னிருக்கையில் கிடந்த மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். காருக்குள் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருப்பவனைத் தெருவே திரும்பிப் பார்க்கும் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. உளவு பற்றி நான் படித்த புத்தகங்களில் இந்தக் கட்டம் வரவில்லை.

கார் நிறுத்துமிடம் காலி, ஆனால் அவர்கள் வீட்டுக்கு உள்ளேதான் இருந்தார்கள். வாசிக்கிறார்கள். டிரம்ஸ் கேட்டது, கிடார் கேட்டது, பாடகியின் குரல் குன்றில் மோதித் திரும்பியது. அடியில் பேஸும் கேட்டது. என்னுடைய பேஸ் வீட்டில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அப்படியானால் வாசிப்பது யார்?

அப்போது ஒரு மீசைக்காரர் அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தார். தோளில் நீளமான கறுப்புப் பை. பேஸ் கிடார் நீளம். நல்ல உயரம், வயிறு இல்லை. என்னைவிட முடி அதிகம். எல்லா விதத்திலும் எனக்கு மாற்றாக நிற்கத் தகுதியானவர். ஹெல்மெட்டின் கண்ணாடி என் மூச்சில் பனி படிந்து அவர் முகம் மறைந்துபோனது. நான் துடைத்துக்கொண்டிருந்தபோது கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

டிரம்மரின் மனைவி. கையில் கறிவேப்பிலைக் கட்டு.

"அண்ணே? நீங்கதானா? ஏன் கார்ல ஹெல்மெட் போட்டு உக்காந்திருக்கீங்க?"

"அளவு சரியா இருக்கான்னு பாத்தேன்மா."

"அலாமாக், வேர்த்துக் கொட்டுது பாருங்க. உள்ள வாங்கலா, தண்ணி குடிங்க."

உள்ளே போனேன். வாசிப்பு பாதியில் நின்றது. நால்வரும் பரீட்சையில் காப்பியடித்து மாட்டியவர்கள்போல நின்றார்கள். கீபோர்டுக்காரன் கைகள் இரண்டையும் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"சும்மா வந்தோம் மாமா. ஏர்கண்டிஷன் பாக்க," என்றான் மைத்துனன்.

"கிடாரோடயா?"

நீளப் பைக்காரர் திரும்பி வந்தார். சித்தியவானிலிருந்து வந்திருக்கும் டிரம்மரின் மச்சானாம். பையைத் திறந்து காட்டினார்: மூன்று தூண்டில் கம்பு. லுமுட் பக்கம் மீன் பிடிக்கப் போகிறாராம். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீன் பிடிப்பவருக்கு பேஸ் வாசிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

நான் கிளம்பும்போது டிரம்மர் கேட் வரைக்கும் வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே, சனிக்கிழமை பிரியாணி சாப்பிடப் போலாமா?" என்றான்.

அந்தக் கேள்வியை அதுவரை நான் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். "இல்லப்பா" என்று சும்மா மறுக்க முடியாது. எங்கள் பேண்டில் பிரியாணியை மறுத்தவர் யாரும் கிடையாது. மறுத்தால் புரிந்துகொண்டேன் என்று அர்த்தம். புரிந்துகொண்டால் போய்விட வேண்டும். வாய் தானாகத் திறந்து, "விரதம்பா. தைப்பூசத்துக்கு" என்று சொன்னது.

"தைப்பூசத்துக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கே அண்ணே?"

"பெரிய வேண்டுதல்."

இப்படித்தான் நான் முருகனிடம் போய்ச் சேர்ந்தேன்.

ஒருமுறை வாயைத் திறந்துவிட்டால் விரதம் தானாக வளர்கிறது. மைத்துனன் மூலம் செய்தி வீட்டுக்கு வந்து, என் மனைவி இறைச்சிச் சட்டிகளை மேல் அலமாரியில் ஏற்றினாள். "பத்து வருஷமா கோயிலுக்கு வான்னா வயித்துவலி. இப்ப என்ன திடீர் ஞானம்?" என்று மட்டும் கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரதக்காரனின் நல்ல வசதி அது. பாடகிதான் நெகிழ்ந்துபோனார். "அண்ணே, நானும் இந்த வருசம் பால்குடம் எடுக்கிறேன். ஒண்ணாவே எடுத்திரலாம்" என்றார். நான் பால்குடம் எடுப்பதாகச் சொல்லவே இல்லையே என்று யோசிப்பதற்குள் மஞ்சள் வேட்டியின் அளவைக் கேட்டுவிட்டார்.

விரதக் காலம் முழுக்க என்னை யாரும் அசைக்கவில்லை. ஒத்திகைக்கு அழைத்தார்கள். கல்யாணங்களில் வாசித்தேன். வழக்கம்போல ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து, அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது, தோட்டத்து வாழ்க்கைக்கும் அதற்கும் என்ன உறவு, உலக இசையில் அதற்கு என்ன இடம் என்று நாலு வார்த்தை பேசினேன். யாரும் முறைக்கவில்லை. ஆனால் நான் பேசும்போதெல்லாம் கீபோர்டுக்காரன் தன் இடது கையை மடியில் வைத்து விரல்களைத் தனியாக அசைத்துக்கொண்டிருந்தான். நரம்பு வியாதியோ என்று நினைத்து அவனுக்காக வருத்தப்பட்டேன். என் சந்தேகம் முழுவதும் சித்தியவான் மீனவர் மேலேயே இருந்தது.

தைப்பூசத்தன்று ஊரிலுள்ள முருகன் குகைக் கோயிலுக்குப் பால்குடம் சுமந்தேன். தலையில் குடம், பக்கத்தில் பாடகி, பின்னால் மைத்துனனும் டிரம்மரும் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு. கீபோர்டுக்காரன் எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு வெயிலில், இவர்கள் என்னைக் கைவிடுவார்களா என்று ஒரு நொடி தோன்றியது. முருகனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இந்த பேண்டு எனக்கு இருக்க வேண்டும். அதை அப்படியே, அந்த வார்த்தைகளில் கேட்டேன். வேண்டுதலைக் கவனமாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போதே டிரம்மர் கேட்டான்: "அண்ணே, விரதம் முடிஞ்சிருச்சுல்ல?"

அந்தச் சனிக்கிழமை பாய் கடைக்குப் போனோம். சுவரோரம், வழக்கமான மேசை. நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியை எனக்கே விட்டார்கள். பாய் வந்தார். பழக்கத்தில் என்னைத்தான் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். டிரம்மர் எழுந்து போய் அவர் காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. பாய் முகம் குழம்பியது. விரல்களை மடக்கிக் கணக்குப் பார்த்தார். என் வாழ்க்கையில் ஒருவர் சமையலறைக்குள் போவதை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

தட்டுகள் வந்தன. என் தட்டில்தான் முதலில் தேடினேன். சோற்றைக் கிளறினேன். சின்னத் துண்டு. எலும்பு இல்லை. அன்றாட வாடிக்கையாளருக்கு வைக்கும் துண்டு.

எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. எத்தனை வாரச் சந்தேகம்! கத்தரிக்காயும் தயிருமாக எத்தனை மதியச் சாப்பாடு! அப்படியானால் யார் போகிறார்கள்? தலையை நிமிர்த்தி டிரம்மர் தட்டைப் பார்த்தேன். பெரிய துண்டு. பாவம், அவனா என்று நினைத்தேன். பாடகி தட்டைப் பார்த்தேன். பெரிய துண்டு, நல்லியோடு. மைத்துனன் தட்டு. கீபோர்டுக்காரன் தட்டு.

பாய் என் பக்கம் குனிந்து, "நாலு பெருசா கேட்டாங்கண்ணே. ஏதும் விசேஷமா?" என்றார்.

தட்டில் யாரும் கை வைக்கவில்லை. டிரம்மர்தான் தொடங்கினான்.

"அண்ணே, உங்கள போங்கன்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல. நீங்க ஆரம்பிச்ச பேண்டு. அதான், நாங்க போயிரலாம்னு..."

"எங்க போறீங்க?"

"வேற பேண்டுக்கு."

"எந்த பேண்டு? யாரு பேண்டு?"

"நாங்க நாலு பேரும்தான் மாமா," என்றான் மைத்துனன் தட்டைப் பார்த்தபடி. "பேரு உங்ககிட்டயே இருக்கட்டும். பேனரும்."

"அப்ப பேஸ் யாரு வாசிக்கிறது? அந்த மீன்காரரா?"

அதுவரை வாய் திறக்காத கீபோர்டுக்காரன், வகுப்பில் பதில் தெரிந்த பையன்போல, தன் இடது கையை மெதுவாக உயர்த்திக் காட்டினான்.

ஒரு மனிதனிடம் தோற்றிருந்தால் ஆறுதல் உண்டு. அவன் வயதைச் சொல்லலாம், சிபாரிசைச் சொல்லலாம், முடியைச் சொல்லலாம். நான், கீபோர்டின் அடிக்கட்டைகளில் பேஸ் வாசிக்கும் ஒரு கையிடம் தோற்றேன். அதுவும் இடது கை. நாங்கள் வளர்ந்த வீடுகளில் அந்தக் கையால் ஒரு பொருளை நீட்டினால் அடி விழும்.

"என் வாசிப்பு அவ்வளவு மோசமா?" என்று கேட்டேன்.

பாடகிக்குக் கண் கலங்கிவிட்டது. "வாசிப்பு இல்லண்ணே. சத்தியமா இல்ல. பாட்டுக்கு முன்னாடி நீங்க மைக் பிடிக்கிறீங்கல்ல... ஆடலாம்னு எந்திரிச்சு வரவங்க எல்லாம் திரும்பப் போய் உக்காந்துர்றாங்க. நின்னு நின்னு எனக்கு தொண்ட காஞ்சுருது."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிண்ணே சொல்றது?" என்றான் டிரம்மர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். ஒருவரிடம் முகத்துக்கு நேராக ஒன்றைச் சொல்லும் வழி இந்த பேண்டில் எப்போது இருந்தது? சொல்லாமல் இருக்க வழி கண்டுபிடித்தவனே நான்தானே. சாப்பிட்டோம். தே தாரிக் வந்தது. நால்வரும் ஒரே சமயத்தில் எழுந்து, "வாரோம்ணே", "வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐந்து நாற்காலிகள் போட்ட மேசையில் பேண்டு முழுவதுமாக உட்கார்ந்து தேநீரைக் குடித்து முடித்தது. முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டான், பேண்டு என்னுடையது.

சில வாரங்கள் கழித்து நண்பர் வீட்டுக் கல்யாண விருந்துக்குப் போனேன். மேடையில் அவர்கள். புதிய பெயர், மண்டை ஓடு இல்லாதது. மனைவி, "தம்பி வாசிக்கிறத கேக்கணும், நீங்க வேணும்னா கார்ல உக்காருங்க. ஹெல்மெட் இருக்குல்ல?" என்றாள். யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எல்லோர் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் உள்ளேயே, தூணுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன். காதைத் தீட்டிக்கொண்டேன். இடது கை எங்காவது தடுக்கும், யாராவது "என்னமோ குறையுதே" என்பார்கள் என்று காத்திருந்தேன். முதல் பாட்டு முடிந்த கையோடு இரண்டாவது தொடங்கியது. இரண்டாவது முடிந்த கையோடு மூன்றாவது. கைதட்டல்காரர்களை ஏற்பாடு செய்திருப்பார்களோ என்று மேசை மேசையாகப் பார்த்தேன். மணப்பெண்ணின் அத்தைமார்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏற்பாடு செய்ய முடியாது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், பாத்திக் சட்டை, தட்டு நிறையக் கோழி. மேடையில் நான் எப்போதும் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டிருப்பேன். அன்று இரண்டும் இல்லை. அவருக்கு என்னைத் தெரியவில்லை. பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"இந்த பேண்ட முன்னாடி கேட்டிருக்கீங்களா, ஐயா?"

"கேட்டிருக்கேனே. என் பேத்தி கல்யாணத்துக்கு இவங்கதான் வந்தாங்க. அப்ப ஒரு எம்சி இருப்பாருலா, பேசிட்டே இருப்பாரு."

"எம்சியா?"

"ஆமா," என்றார் அவர், எலும்பை ஓரமாக வைத்துவிட்டு. "சும்மா ஸ்டைலுக்கு ஒரு கிடார வேற மாட்டிக்கிட்டு."